மகனின் நினைவாக ஓர் ஆலயம்: புதுவைக் கனகராய முதலியாரின் வாழ்க்கை



யூபிலி மலருக்குக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று நம் இளைஞர்களைக் கேட்டிருந்தோம். வந்த தாள்களில் பாதிக்கு மேல் மறைந்த தாத்தா பாட்டியரைப் பற்றியவை. அறுவடைக்கு அறுவடை கோவிலுக்கென்று ஒரு மரக்கால் நெல்லைத் தனியே எடுத்துவைத்த பாட்டி, திருநாளுக்கு வந்த குருவானவருக்குத் தம் வீட்டுத் திண்ணையையே இருப்பிடமாகக் கொடுத்த தாத்தா, பஞ்ச காலத்தில் அயல் வீட்டாருக்குக் கூழ் ஊற்றிய அம்மாயி என்று அவரவர் வீட்டுச் செய்தியை அவரவர் எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க நமக்கு மகிழ்ச்சிதான். ஆயினும், கொடுத்தவர்களின் வரலாறு பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் நினைவோடு நின்றுவிடுகிறது என்ற வருத்தமும் கூடவே எழுந்தது. ஏட்டில் இல்லை, கல்லிலும் இல்லை. ஆகவே ஏட்டிலும் கல்லிலும் பெயர் நின்றுவிட்ட ஒருவரை, நமது புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்திற்கே உரியவரை, இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவரே பெத்ரோ கனகராய முதலியார்.

புதுவை செல்லும் நம்மவர்களில் பலருக்கு ரெட்டியார்பாளையம் தெரியும். வில்லியனூர் செல்லும் சாலையில், பழைய உழவர்கரைக்கு உட்பட்ட ஊர் அது. அங்கே உள்ள புனித அந்திரேயா ஆலயத்தைக் கட்டியவர் இவர். 1745 ஆம் ஆண்டில் கட்டி முடித்தார். கட்டியதற்குக் காரணம் ஒரு மரணம். அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் அவருடைய குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனகராய முதலியாரின் விசுவாசம் அவரோடு தொடங்கியதன்று. சென்னையை அடுத்த பூந்தமல்லியில் கிறிஸ்தவர்களாக வாழ்ந்த வேளாளர் குடும்பம் அவர்களுடையது. 1674 ஆம் ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் சிறியதொரு வாணிபக் குடியிருப்பைத் தொடங்கியபோது, இந்நாட்டு வணிகரோடு பேசுவதற்கும் கணக்கு முடிப்பதற்கும் நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. அவ்வாறு அழைக்கப்பட்டு வந்தவர் தானப்ப முதலியார். அவர்தாம் இக்குடும்பத்துக்குப் புதுவையில் முதல்வர். மீன்பிடிக் குடிசைகளும் மணல்மேடும் தவிர அதிகம் ஒன்றுமில்லாத இடத்தை நம்பிக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வருவதற்குத் துணிவு வேண்டும். பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் மாளிகையில் வாழ்ந்தார்கள் என்றால், முன்னோர் மணலில் கால் ஊன்றியதால்தான்.

அக்காலத்தில் புதுவையின் தலைவிதி நமது செஞ்சியோடு பிணைந்திருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது. இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறி இறங்கும் கோட்டை, 2025 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்த கோட்டை, அன்று அரசாணை பிறக்கும் இடமாக இருந்தது. 1597 ஆம் ஆண்டிலேயே இயேசு சபைக் குருவான நிக்கொலாவு பிமெந்தா இங்கு வந்து நாயக்க மன்னரைக் கண்டு சென்றிருக்கிறார். நாயக்கருக்குப் பின் பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள், 1677 இல் சிவாஜி, அவருக்குப்பின் இராசாராம் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1693 இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்தபோது, அதற்கான உரிமையைச் செஞ்சியிலிருந்த இராசாராமிடமே பணம் கொடுத்துப் பெற்றார்கள். 1699 இல்தான் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஆகவே புதுவையில் துபாசி வேலை பார்ப்பவர் செஞ்சிப் பக்கம் ஒரு கண் வைக்காமல் இருக்க முடியாது.

துபாசி என்றால் இரு மொழி பேசுபவர் என்று பொருள். பிரெஞ்சுக் கும்பெனியில் அந்தச் சொல்லுக்கு அதைவிட மிகப் பெரிய அர்த்தம் இருந்தது. தலைமைத் துபாசி என்பவர் ஆளுநருக்கு நாக்கு, காது, சில வேளைகளில் பணப்பெட்டியும் கூட. ஐரோப்பாவுக்குக் கப்பலேற்ற வேண்டிய துணிக்கு வணிகரோடு விலை பேசி, முன்பணம் கொடுத்து, அந்தப் பணம் ஊரூராக நெசவாளரின் தறிவரைக்கும் சென்று சேர்ந்து துணியாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஆற்காட்டு நவாபின் ஆட்கள் வந்தால் எந்த மரியாதை, எந்தப் பரிசு என்று சொல்ல வேண்டியவரும் அவரே. ஊராரிடையே வழக்கு வந்தால் விசாரிப்பவரும் அவரே. பிரெஞ்சுக்காரர்கள் அவரைத் தமிழருக்குத் தலைவர் என்றே அழைத்தார்கள்.

இந்தப் பதவிக்குக் கனகராய முதலியார் வந்த வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டால் இக்கட்டுரை முகத்துதியாகிவிடும். அதைச் சொல்லியே ஆக வேண்டும். 1708 முதல் அப்பதவியில் இருந்தவர் நைனியப்ப பிள்ளை. அவர் இந்து. திறமை மிக்கவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கிறிஸ்தவ நகரம் ஒன்றில் முதல் இடத்தை ஓர் இந்து வகிப்பது தகாது என்று இயேசு சபையாரில் சிலர் விடாப்பிடியாக வற்புறுத்தி வந்தனர். 1716 இல் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்து, பொதுவிடத்தில் கசையடி, சிறைத்தண்டனை, பெரும் அபராதம் எல்லாம் விதித்தார். நைனியப்ப பிள்ளை 1717 இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய இடத்தில் அமர்த்தப்பட்டவர் நமது கனகராய முதலியார்.

பிறகு பிரான்சில் அவ்வழக்கு மறுபடி ஆராயப்பட்டு, தண்டனை அநீதியானது என்று தள்ளப்பட்டது. நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை பாரிசு மாநகரம் வரை சென்று நியாயம் கேட்டவர். அங்கேயே திருமுழுக்குப் பெற்று, அரசனிடம் வீரப்பட்டமும் பெற்றுத் திரும்பி வந்து தலைமைத் துபாசியானார். கனகராய முதலியார் பதவியை இழந்தார். 1724 இல் குருவப்பர் இளமையிலேயே இறந்துபோக, அப்பதவி மீண்டும் கனகராயரிடம் வந்தது. இம்முறை இருபத்திரண்டு ஆண்டுகள், சாகும்வரை, அவரிடமே இருந்தது.

இதில் கனகராயருடைய குற்றம் எவ்வளவு, அவரை முன்னிறுத்தியவர்களின் குற்றம் எவ்வளவு என்று தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஆனால் ஒரு மனிதரை வீழ்த்தித்தான் இன்னொருவருக்கு நாற்காலி கிடைத்தது என்பது உண்மை. மதத்தின் பேரைச் சொல்லி அது நடந்தது என்பது, குருத்துவப் பட்டம் பெற்ற நமக்கு இன்று வாசிக்கும்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

இரண்டாம் முறை பதவிக்கு வந்தபின் அவர் காலம் புதுவைக்குப் பொற்காலமாகவே இருந்தது. லெனுவார், துய்மா ஆகிய ஆளுநர்களின் கீழ் வணிகம் பெருகியது. 1736 இல் ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலியிடமிருந்து ரூபாய் அச்சடிக்கும் உரிமை புதுவைக்குக் கிடைத்தது. 1739 இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1740 ஆம் ஆண்டு மே மாதம் மராட்டியப் படை தமல்செருவுக் கணவாயில் நவாபைக் கொன்றுவிட்டு ஆற்காட்டு நாட்டுக்குள் புகுந்தபோது, நவாபின் குடும்பமே புதுவையின் மதிலுக்குள் வந்து அடைக்கலம் புகுந்தது. உள்நாட்டு மக்களும் மூட்டை முடிச்சுகளோடு கடற்கரை நோக்கி ஓடினார்கள். அந்நாட்களில் புதுவை மதிலுக்குள் எத்தனை வாய்கள் சோற்றுக்குக் காத்திருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் செல்வாக்கின் உச்சியில்தான் அவர் வீட்டில் இடி விழுந்தது. கனகராயருக்கு ஒரே மகன். பெயர் வேலவேந்திர முதலியார். 1739 ஆம் ஆண்டில் தம்முடைய 21 ஆம் வயதில் அவர் இறந்தார். மணமானவர். அவருடைய இளம் மனைவி அவ்வீட்டிலேயே கைம்பெண்ணாக நின்றாள்.

பணமும் பதவியும் உள்ளவன் வீட்டுச் சாவு, இல்லாதவன் வீட்டுச் சாவு என்று சாவில் பேதமில்லை. மந்திரிபோல் வாழ்ந்தவர், மருத்துவர்களை எந்நேரமும் அழைக்கக் கூடியவர், ஆளுநரே துக்கம் கேட்க வரக்கூடிய நிலையில் இருந்தவர், ஒரு பிள்ளையைக் காக்க முடியவில்லை. நம் பங்கில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இதை எழுதிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேரன் என்று சொல்லிக்கொள்ள ஒரு பிள்ளை பிறக்கும், தாத்தா என்று மடியில் ஏறும், தானப்பர் காலத்திலிருந்து வந்த பெயர் இன்னொரு தலைமுறைக்குப் போகும் என்றெல்லாம் அவர் எண்ணியிருந்திருப்பார். அந்த வாசல் அன்றைக்கு அடைபட்டுவிட்டது.

இத்தகைய துயரத்தில் மனிதர் பலவழி போவார்கள். சிலர் கடவுளோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலர் காசைப் பூட்டிவைத்துக்கொண்டு யாருக்கு, எதற்கு என்று கசந்துபோவார்கள். கனகராயர் மகனுக்குச் சேர வேண்டிய செல்வத்தை எடுத்து உழவர்கரையில் ஓர் ஆலயம் எழுப்பினார். மகன் இறந்து ஆறு ஆண்டுகள் சென்றபின் 1745 இல் அது முடிந்தது. அப்போஸ்தலரான புனித அந்திரேயாவின் பாதுகாவலில் அது வைக்கப்பட்டது. அவர் எழுப்பியது வெறும் கல்லறை மாடமாக இருந்திருந்தால் அது அக்குடும்பத்தோடு போயிருக்கும். ஊர் மக்கள் முழங்காலிடும் கோவிலாக எழுப்பியதால், இருநூற்று எண்பது ஆண்டுகளாக அங்கே திருப்பலிப் பீடமும் மக்கள் கூட்டமும் இருந்துவருகின்றன. இதுதான் அவர் செய்தவற்றுள் அறிவுள்ள காரியம் என்பது நம் கருத்து.

1745 நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அன்று நடந்த விருந்தைப் பற்றி நமக்குத் தெரிவது ஒருவரால். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பர் 6 இல் தொடங்கிப் பல்லாண்டுகள் புதுவை நிகழ்ச்சிகளை நாள்தோறும் தமிழில் குறித்துவைத்தவர். அந்நாட்குறிப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வெளிவந்திருக்கிறது. அவர் யார்? சிறையில் மாண்ட நைனியப்ப பிள்ளையின் மருமகன் முறையானவர். கனகராயருக்குப்பின் அந்தப் பதவிக்கு வந்தவரும் அவரே. ஆகவே கனகராயரைப் பற்றி அவர் எழுதும்போது மையில் சற்றுக் காரம் கலந்திருக்கும் என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். நமக்கு அதனால் ஒரு நன்மையும் உண்டு. பகையுள்ளவர் எழுதிவைத்த தாராளத்தை இட்டுக்கட்டியது என்று எவரும் சொல்ல முடியாது.

அவர் குறிப்பின்படி, கனகராயர் புதுவையில் இருந்த பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டியார், தட்டார், நெசவாளர், எண்ணெய் வாணியர் முதலாகப் பல சாதியாரையும், கிறிஸ்தவரையும், ஐரோப்பியரையும் ஒருவர் விடாமல் உழவர்கரைக்கு அழைத்திருக்கிறார். சுற்றிலும் உள்ள சாவடிகளும் தோப்புகளும் அவரவருக்கென்று ஒதுக்கப்பட்டன. அவரவர் ஆசாரத்துக்கு ஏற்ற சமையற்காரர்கள் அடுப்பு மூட்டினார்கள். ஐரோப்பியருக்கு மேசை போட்டு அவர்கள் முறைப்படி உணவு பரிமாறப்பட்டது. ஆளுநர் டூப்ளேயும் அவர் மனைவியும் ஆலோசனைச் சபையாரும் வந்து மாலைவரை தங்கியிருந்துவிட்டுப் போனார்கள். வந்தவர் எவரும் குறை சொல்லவில்லை. உழவர்கரையின் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே அன்று எழுந்த அடுப்புப் புகை புதுவைக் கோட்டை வரைக்கும் தெரிந்திருக்கும்.

இத்தனையும் எழுதிய ஆனந்தரங்கர் பிறகு ஒரு குத்தலும் வைக்கிறார். கோவிலோ கிறிஸ்தவக் கோவில், விருந்தோ இந்து முறையில். தம் வேதத்தாரைக் கூட்டித் தம் வழக்கப்படி கொண்டாடியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது அவர் எண்ணம். சமயவாதிகள் சிலரும் அன்று இதையே சொல்லியிருக்கக் கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. மகன் பேரால் எழுந்த கோவிலின் வாசலில் அயலாரைக் கூட்டி, அவர் உண்ணக்கூடிய உணவை அவர் உண்ணக்கூடிய முறையில் இடுவது இந்த மண்ணின் பழக்கம். நம் பங்கிலும் தேர்த் திருநாளன்று இந்துச் சகோதரர் வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகிறது. பொங்கலுக்கு அங்கிருந்து நம் வீட்டுக்கு வருகிறது. இதை வேதத்திற்கு முரண் என்று சொல்பவர் எவரும் நம் ஊரில் இல்லை.

ஆனால் அந்த விருந்தில் நம் மனத்தை நெருடும் வேறொன்று இருக்கிறது. அன்று வகுத்த தோப்புகளும் அடுப்புகளும் சாதிக் கணக்கில் வகுத்தவை. அழைப்பிதழில் சாதி இல்லை, பந்தியில் இருந்தது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, அதே 1745 அக்டோபரில், அதே புதுவையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி அப்படிக் கடந்துபோக நம்மை விடுவதில்லை.

இன்று அமலோற்பவ அன்னையின் பேராலயம் நிற்கும் இடத்தில், மக்கள் சம்பா கோவில் என்று அழைக்கும் இயேசு சபையாரின் ஆலயம் அன்று இருந்தது. அக்கோவிலின் உள்ளே, வடபுறத்தில், உயர்ந்த சாதியார் எனப்பட்டவர்களையும் ஒடுக்கப்பட்ட மக்களையும் பிரிக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் மக்களுக்கிடையே, பீடத்தின் முன்னிலையிலேயே, ஒரு சுவர்! ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் திரண்டு சென்று பெரிய குருவானவரிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தாமே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தடுப்பு என்பது அவர்கள் வழக்கு. குருவானவர் அவர்கள் சொன்னது நியாயம் என்று கண்டு, சுவரை இடிக்கச் செய்தார்.

இதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 1744 செப்டம்பரில், திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் தமிழக மறைப்பணியைப் பற்றி நெடியதொரு ஆணை மடலை வெளியிட்டிருந்தார். ஒடுக்கப்பட்டோர் நோயுற்றால் அவர்கள் குடிசைக்குள் சென்று அருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் தயங்கக் கூடாது என்பது அதிலே முக்கியமான பகுதி. நாற்பது ஆண்டு வாக்குவாதத்துக்கு முடிவு கட்டிய மடல் அது. உரோமையில் எழுதிய மையும் புதுவையில் இடிந்த சுவரும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று நாம் நம்பவில்லை. ஆனால் முதலில் வாய் திறந்து கேட்டவர்கள் அந்த ஏழை மக்கள்தாம் என்பதை மறக்கலாகாது. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

சுவர் இடிந்ததும் சாதிக் கிறிஸ்தவர் கொதித்தார்கள். அவர்களில் கனகராயரின் உறவினரும் இருந்தனர். அந்நாட்களில்தான் அவருடைய உறவுப் பெண் ஒருத்தி மெல்லிய பட்டும் வாசனையுமாகப் பூசைக்கு வந்ததைக் குருவானவர் கண்டித்துப் பேசியதால் இன்னும் சச்சரவு வளர்ந்தது. ஆளுநர் வரைக்கும் செய்தி எட்டிக் கூட்டம் கூடத் தடை விதிக்கும் நிலையும் வந்தது. ஊர்த் தலைவரான கனகராயர் இந்தக் கலவரத்தின் நடுவே இருந்தார். ஒரு பக்கம் உறவு, ஒரு பக்கம் குரு, மேலே ஆளுநர். அவர் துணிந்து ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றார் என்று எழுத நமக்கு ஆசைதான். அப்படி எழுத ஆதாரம் இல்லை.

இவ்வளவு பெரிய தாராளம் உள்ள மனிதரால் ஓர் அடி அதிகம் வைக்க முடியாமல் போயிற்றே என்று நமக்குத் தோன்றுகிறது. கோவிலுக்கு அள்ளிக் கொடுத்த கை, கோவிலுக்குள் இருந்த சுவரை இடிக்க நீளவில்லை. பணம் கொடுப்பது எளிது என்று சொல்லவில்லை, அதுவும் கடினம்தான். வழக்கத்தைக் கொடுப்பது அதைவிடக் கடினம். நம் தாத்தா பாட்டியர் காலத்துக் கோவில்களில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருடைய சவம் எந்த வாசல் வழியாக வந்தது, எந்தத் தெருவுக்குத் தேர் போகவில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இளைஞர்கள் கேட்டுப் பார்க்கட்டும். அவர்கள் கொடுத்த மரக்கால் நெல்லைப் போலவே அதுவும் வரலாறு.

ஆலயத் திருவிழா முடிந்து மூன்று மாதம் ஆகுமுன்னே கனகராயர் காலமானார். 1746 பிப்ரவரி 12 ஆம் நாள் அது. மகனுக்காகத் தொடங்கிய வேலையை முடிக்கும் மட்டும் ஆண்டவர் அவருக்கு ஆயுள் கொடுத்தார் என்று நம் முன்னோர் சொல்லியிருப்பார்கள். கும்பெனி தன் முதன்மைத் தமிழருக்குரிய மரியாதைகளோடு அவரை அடக்கம் செய்தது.

அடக்கம் முடிந்ததும் சொத்து வழக்கு தலைதூக்கியது. ஒரு பக்கம் அவருடைய மனைவியும் மருமகளும். மறுபக்கம் தம்பி சின்ன முதலியார். நேரடி வாரிசு இல்லாத வீட்டில் அக்கால வழக்கம் எந்தப் பக்கம் சாயும் என்பது ஊராருக்குத் தெரிந்ததுதான். பஞ்சாயத்தார் விசாரித்துத் தம்பியே வாரிசு என்றும், பெண்கள் இருவரையும் அவர் பேண வேண்டும் என்றும் முடிவு கட்டினார்கள். கணவனையும் மகனையும் இழந்த அந்தத் தாயின் பெயரைக் கட்டிய ஆலயத்தோடு சேர்த்து எவரும் சொல்வதில்லை. ஆறு ஆண்டுகள் அந்தக் கட்டடம் எழும்போது, சுண்ணாம்பு இடிக்கும் சத்தத்தையும் செங்கல் வண்டிகளையும் பார்த்துக்கொண்டு அவ்வீட்டில் இருந்தவர் அவர்தாம். கொடுத்த செல்வம் குடும்பத்துச் செல்வம் என்றால், கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இந்த மலரில் தாத்தாவின் பெயரை மட்டும் எழுதிவந்த சில பிள்ளைகளிடம் பாட்டியின் பெயரையும் கேட்டு வாங்கிச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

அவருக்குப்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1747 இல் ஆனந்தரங்கப் பிள்ளை தலைமைத் துபாசியானார். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அப்போது நம் ஊர்கள் பிரெஞ்சுக் கொடியின் கீழ் வந்தன. பத்தாண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1761 சனவரி 12 இல் ஆனந்தரங்கர் இறந்தார். நான்கே நாளில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கனகராயர் யாருக்காக இரவும் பகலும் கணக்குப் பார்த்தாரோ அந்தக் கும்பெனியின் கொடி இறங்கிவிட்டது. அவர் சேர்த்த வராகன்கள் எங்கே போயின என்று எவருக்கும் அக்கறையில்லை.

ரெட்டியார்பாளையத்துக் கோவிலில் அவர் பதித்துவைத்த கல் மட்டும் இருக்கிறது. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய கல். தந்தையின் பெயர், மகனின் பெயர், மகன் இறந்த ஆண்டு, அவன் வயது, ஆலயம் எழுந்த ஆண்டு ஆகியவற்றை அது சொல்கிறது. துபாசியாய் இரு மொழியில் வாழ்ந்த மனிதர் தம் துக்கத்தையும் இரு மொழியிலேயே எழுதிவைத்திருக்கிறார். நம் இளைஞர் பேரவையார் அடுத்த முறை புதுவைக்குச் செல்லும்போது, கடற்கரைக்குப் போகுமுன் வில்லியனூர்ச் சாலையில் இறங்கி அதைப் பார்த்துவரட்டும். எழுத்து பழையது, கூட்டெழுத்துகள் முதலில் சற்றுத் தடுமாற வைக்கும். விரல் வைத்து மெதுவாகப் படித்தால் வேலவேந்திரன் என்ற பெயரும் 21 என்ற வயதும் பிடிபடும். நவம்பர் 30 ஆம் நாள் சென்றால் திருநாளையும் கண்டுவரலாம்.